சடவு, கடுப்பு, ஆத்திரம்

எண்பதுகளில், போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கும் வேலைக்குப் போனேன். பக்கத்தில் உட்காரும் அக்கா ஒல்லியானவர். மூக்கில் துளை இருக்கும், மூக்குத்தி இருக்காது. பச்சை, வெளுத்தது, வெடித்தது என்று அவர் கை தானாகக் காய்களைப் பிரித்துப் போடும். தெருவில் சண்டைச் சத்தம் கேட்டால் தலை நிமிராமல் அதையும் பிரிப்பார்.

“இது சடவு. சொந்தக்காரங்க, நாளைக்குக் கூடிக்குவாங்க.”

“இது கடுப்பு. சோறு தின்னா போயிரும்.”

ஒருமுறை, “இது ஆத்திரம். வெரசா போயி விலக்கி விடுங்க” என்றார். ஓடிப் போய்ப் பார்த்தால் ஒருவன் கையில் அருவாள்.

“உங்களுக்குக் கோவமே வராதாக்கா?” என்று அன்று கேட்டேன்.

“எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு எம்மகன அடிச்சே கொன்னுட்டாரு ஆத்தா. செயிலுக்குப் போயிட்டு வந்துட்டாரு. நாந்தான் சோறு பொங்கிப் போடுறேன். அவரு திங்கிறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். அதுக்கு என்ன பேருன்னு எனக்கே தெரியல.”

என் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் கை நிற்கவில்லை. பச்சை பச்சையோடும், வெளுத்தது வெளுத்ததோடும் சரியாக விழுந்துகொண்டிருந்தன.