மெஹருன்னிசா எடுத்த இலைக்கோழி

செவ்வாய்க்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போய்க்கொண்டிருந்தபோது மெஹருன்னிசா அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா மௌத்தாயிட்டாங்க, சுதா மேடம். விடிகாலைல ஃபஜ்ர் தொழுதுட்டு நெஞ்சு வலிக்குதுன்னாங்க. அவ்வளவுதான்."

ஐம்பத்து மூன்று வயது.

எனக்கு அழுகை வருவதற்குள் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் வந்துவிட்டது. 'இயற்கையை நேசித்த சகோதரிக்கு அஞ்சலி' என்று சங்கத் தலைவர் போட்டிருந்தார். ஆறு மாதத்துக்கு முன் இதே குழுவில் அக்காவைப் பைத்தியம் என்று எழுதியவரும் அவர்தான். அக்காவை அறியாதவர்கள் அந்த இரங்கலை நம்பிவிடக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. முடிச்சூரில் ஒரே அடுக்குமாடியில் வீடு. அக்கா வருடத்துக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டு, கேமராவோடு தனியாகக் கிளம்பிவிடுவார். கோடியக்கரை, வால்பாறை, ஒருமுறை லடாக். திரும்பி வந்ததும் மதியம் படங்களைக் காட்டுவார். எங்கள் சோறு தட்டில் காய்ந்துபோகும்.

லடாக் போய் வந்த வாரம் அவர் சொன்னது: "அவ்ளோ தூரம் போய்ட்டு வந்தப்புறம்தான் சுதா, நம்ம பின்னாடி ஒரு ஏரி இருக்கிறதே கண்ணுக்குத் தெரியுது."

கொசுவுக்குப் பயந்து நாங்கள் ஜன்னலே திறக்காத ஏரி அது. அங்கே தாமரை இலைமேல் குஞ்சுகளோடு நடந்த இலைக்கோழி என்ற நீர்ப்பறவையைப் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டு, லிஃப்ட் பக்கத்தில் மாட்டினார். "குஞ்சுங்களப் பாத்துக்கிறது அப்பாதான், தெரியுமா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் கூட்டமாக ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினார்கள். நானும் ஜன்னலைத் திறந்தேன்.

பிறகு லாரிகள் வந்தன. இடித்த கட்டடங்களின் குப்பையை ஏரியில் கொட்டின. அக்கா லாரிகளைப் படமெடுத்து மனு கொடுத்தார். "அழகா போட்டோ எடுக்கறீங்க மேடம், அதோட நிறுத்திக்கலாமே" என்றார் அதிகாரி. "ஏரிய மேடாக்கி ரோடு வந்தா நம்ம ஃப்ளாட்டுக்குத்தானே நல்லது? ஏன் பேஜார் பண்றீங்க?" என்றார் சங்கத் தலைவர். அந்த மனுவில் என்னிடமும் கையெழுத்துக் கேட்டார் அக்கா. என் கணவர் முறைத்தார், நான் போடவில்லை. இப்போது வரும் கோபத்தை யார்மேல் காட்டுவது?

போன மாதம் தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு விளம்பரப் பலகை எழுந்தது: 'இயற்கையின் மடியில் இல்லம்.' அதில் அக்கா எடுத்த அதே இலைக்கோழி. குப்பை கொட்டி மேடாக்கிய இடத்தில்தான் அந்த வீடுகள் வரப்போகின்றன.

அந்த வீடுகளின் விற்பனை அலுவலகத்துக்கு அக்கா என்னை அழைத்துப் போனார். "நெட்ல இருந்துச்சு மேடம், யாரோடதுன்னு தெரியல" என்றார் அங்கிருந்தவர். நான் கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவரிடம் நிதானமாகச் சொன்னார்: "போட்டோவ நீங்களே வச்சுக்கோங்க. ஏரிய விட்டுடுங்க."

அந்த ஆள் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போனேன். எனக்கு முன்பே எங்கள் குடியிருப்புப் பெண்கள் ஒன்பது பேர் பாதையை மறித்து நின்றிருந்தார்கள். லாரி ஹார்ன் அடித்தது. "ஓரமா போங்கம்மா, டைம் ஆவுது" என்றார் டிரைவர். யாரும் அசையவில்லை. நானும் போய் நடுவில் நின்றேன். கால் மணி நேரம் கழித்து, லாரி கொட்டாமலே பின்னால் நகர்ந்தது.

நாளைக்கும் வரும். நாங்களும் வருவோம். போய் வாருங்கள், அக்கா.