வாசப்படிப் பேயும் எங்கள் ஸ்டெல்லா அக்காவும்

பெருங்களத்தூர் சிக்னலில் பஸ் நின்றால் நின்றதுதான். இன்று காலை அப்படி நின்றபோது கைப்பேசியை எடுத்தேன். 'வாசப்படியில் யாரோ' ரசிகர் குழு மறுபடி பொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய பேய்ப் படத்தை ரீமேக் செய்யலாமா, கூடாதா? மாதக்கணக்காக இதே பாட்டுதான். அட்மின் ரவி சார் குரோம்பேட்டைக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் 'கூடவே கூடாது' கட்சி. பொத்தேரியில் படிக்கிற நவீன், 'கிராபிக்ஸ்ல பட்டையைக் கிளப்பலாம் சார்' கட்சி. பக்கத்து சீட்டு அம்மா என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, பேய் என்று தெரிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐம்பதை நெருங்குகிற பொம்பளைக்கு இது தேவையா என்று எனக்கே தோன்றும்தான்.

ஆனால் அந்தப் படத்தைத் தாம்பரம் தியேட்டரில் பார்த்திருந்தால் நீங்களும் இந்தக் குழுவில் இருப்பீர்கள். முறுக்கு எண்ணெயும் பீடிப் புகையும் கலந்த அந்த வாசனை இப்போது எங்கே வந்தாலும் எனக்கு முதுகு சில்லிடும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஏற்கெனவே படம் பார்த்தவர்கள், பேய் வருவதற்குச் சற்று முன்னால் முன்சீட்டின் முதுகில் மூன்று முறை தட்டுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு எச்சரிக்கையாம்! பாதிப் பேர் அந்தத் தட்டலுக்கே அலறினார்கள். "யோவ், இன்னாய்யா சும்மா தட்டிக்கினே கீற, அந்தப் பேயே தேவல" என்று ஒருவர் எழுந்து நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு மற்றவர்களைவிடப் பீற்றிக்கொள்ள உரிமை உண்டு. படம் எடுத்ததே எங்கள் முடிச்சூரில்தான். அப்போது அங்கே வயல்தான், நடுவில் நாலைந்து வீடுகள். கிரகப்பிரவேசப் பந்தி ஒன்று எடுக்க வேண்டும், உட்கார ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். டீச்சர் ட்ரெயினிங் படித்துக்கொண்டிருந்த என் அக்கா ஸ்டெல்லா, மஞ்சள் தாவணியைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிட்டாள். "பேய்ப் படத்துல போய் உக்காந்துட்டு வந்திருக்கா, பாஸ்டர் கேட்டா நான் என்னடி சொல்றது?" என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள்.

"யாரும் கேமராவைப் பாக்கக் கூடாது, சாப்பிட்டுக்கிட்டே இருங்க" என்று டைரக்டர் சொல்லியிருந்தார். கேமராவுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். அக்காவை விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஸ்டெல்லாக்கா!" என்று கத்திவிட்டேன். அவள் சட்டென்று நிமிர்ந்து, நேராகப் பார்த்துச் சிரித்தாள். இலையெல்லாம் காலி, மறுபடி சமைக்க நேரமில்லை. திட்டிக்கொண்டே எடுத்த ஷாட்டையே வைத்துக்கொண்டார்கள். பேச்சையெல்லாம் பிறகு டப்பிங்கில் சேர்த்ததால் என் கத்தல் படத்தில் இல்லை. அக்காவின் சிரிப்பு மட்டும் இரண்டு விநாடி இருந்தது.

குழுவில் சேர்ந்த புதிதில் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. 'பந்தியில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற பெண் யாரென்று படப்பிடிப்பில் ஒருவருக்கும் தெரியாதாம்' என்று கொளுத்திப் போட்டேன். அவ்வளவுதான்! சிவப்பு வட்டம் போட்டு, பெரிதாக்கி, 'ஒரிஜினல் பேய் இவதான்' என்று ஆளாளுக்கு ஆராய்ச்சி. அக்கா இருந்திருந்தால் "அடிப்பாவி" என்று தலையில் குட்டியிருப்பாள். அவள் இல்லை. முப்பத்திரண்டு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். முடிச்சூருக்குள் வெள்ளம் வந்த டிசம்பரில், கட்டிலுக்கடியில் இருந்த ஆல்பங்களும் போயின. ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்ட அந்தப் பக்கங்களின் சேற்று நாற்றம் வாரக்கணக்கில் கையை விட்டுப் போகவில்லை. மிஞ்சியது சுவரில் மாட்டிய ஒரே படம். பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது, உதட்டை இறுக்க மூடியிருக்கிறாள். அதனால் ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து வந்து, இணையத்தில் யாரோ பழைய கேசட்டிலிருந்து ஏற்றியிருந்த அந்தப் படத்தைத் திறந்து, இரண்டு விநாடி பார்ப்பேன்.

அப்போதுதான் ரீமேக் பேச்சு வந்தது. "அந்தப் பொண்ணு ஷாட்ட ஹீரோயின வெச்சே எடுப்பாங்க, செமயா இருக்கும்" என்று நவீன் போட்டான். அன்றைக்கே நான் ரவி சார் கட்சியில் சேர்ந்துவிட்டேன். படக் கம்பெனிக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்புவது என்று முடிவானது. "மேடம், லெட்டர் நீங்களே போடுங்க, உங்க இங்கிலீஷ்தான் எடுபடும்" என்றார் ரவி சார். ஆபீசில் இருபது வருடமாகக் கடிதம் எழுதுகிற திமிர் எனக்கு. பிரமாதமாக எழுதினேன். இந்தச் சிரிப்பை உங்களால் மறுபடி எடுக்க முடியுமா என்று கேட்டு, ஆதாரத்துக்கு அந்தப் பழைய படத்தின் லிங்கையும் நிமிடம், விநாடியோடு கொடுத்தேன்.

கடிதம் போய் ஒரு வாரத்தில் படம் இணையத்தில் இல்லை. உரிமையாளர் புகாரின் பேரில் நீக்கப்பட்டதாம். அப்படி ஒரு பிரதி கிடப்பது அதுவரை அவர்களுக்கே தெரியாது. நானே தேடி எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன். வேறு யாரைக் குற்றம் சொல்ல?

யாரிடமாவது பிரதி இருக்கிறதா என்று குழுவில் கெஞ்சினேன். "லிங்க்தான் இருந்துச்சே மேடம், எதுக்கு டவுன்லோட் பண்ணணும்?" என்றார்கள். எல்லோரும் என்னைப் போலத்தான். கடைசியில் வெட்கத்தை விட்டு, 'அது எங்க அக்கா, பேர் ஸ்டெல்லா' என்று எழுதினேன். ரவி சார் சிரிப்புப் பொம்மை ஒன்று போட்டார். "நீங்களுமா? ஒருத்தர் அத்தைங்கிறார், ஒருத்தர் சித்திங்கிறார். செட்ல யாருக்குமே தெரியாத பொண்ணுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

நவீன் மட்டும் நம்பியிருக்கிறான் போல. இன்று காலை அத்தனை சண்டைக்கு நடுவில் எனக்குத் தனியாக ஒரு படம் அனுப்பியிருந்தான். மஞ்சள் தாவணி, முன்னால் வாழையிலை, சிரிக்கிற ஒரு பெண். "ஞாபகத்துல இருந்து சொல்லிச் சொல்லி கம்ப்யூட்டர வரைய வெச்சேன்க்கா. சிரிப்பு கரெக்டா இருக்கா?"

கண் அவளுடையது இல்லை. சுவர்ப் படத்தைப் பார்த்துப் பார்த்து அது தெரியும். சிரிப்பைத்தான் யோசித்தேன். முன்பல் தெரியுமா, தெரியாதா? எந்தக் கன்னம் முதலில் ஏறும்? எவ்வளவு முயன்றும் இந்தப் பெண்ணின் சிரிப்புதான் முன்னால் வந்து நின்றது.

"கரெக்ட்தான்பா" என்று அனுப்பிவிட்டேன்.