புத்தகத்து வேகம்

கோல்டர் ஊரில் தோட்டா நிரப்பித் தர ஒருவர் வேண்டுமென்றால் எல்லோரும் வெர்லின் ஸ்டோர்டாலிடம்தான் போவார்கள். மொன்டானா மாநிலத்தின் கிழக்குக் கோடியில், பண்ணைகளுக்கு எரிவாயு கொண்டுபோகும் லாரியின் ஓட்டுநர் அவர். வயது ஐம்பத்தெட்டு. சுட்டு முடித்த காலிக் கூடுகளைக் கொடுத்தால் கழுவி, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, புதுக் குண்டு பொருத்திக் கொடுப்பார். கூலி வாங்கமாட்டார். கூடவே துப்பாக்கிக் கட்டையில் ஒரு வெள்ளைச் சீட்டும் ஒட்டிவிடுவார். முந்நூறு கெஜத்தில் குண்டு எத்தனை அங்குலம் தாழும், நானூறில் எத்தனை என்று அதில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். வேகம் குறைந்தால் தாழ்வு கூடும்; அந்த வேகத்தை வெடிமருந்துக் கம்பெனியின் கையேட்டைப் பார்த்துப் போட்டுக்கொள்வார்.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வாங்கலாமே என்று யாராவது சொன்னால் போதும், காபிக் கடையே சிரிக்கும்படி பேசுவார்.

"வாங்கி? மான் கிட்ட போய், நொடிக்கு இத்தனை அடியில வருதும்மா, நில்லுன்னு சொல்லப் போறியா?"

பெர்னி கோல்ஸ்டாட் இரண்டு வீடு தள்ளி இருந்தாள். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, கணவனை இழந்தவள். அக்டோபரில் அவள் சுடும் ஒரு சமவெளி மான்தான் குளிர்காலம் முழுக்க அவளுக்குக் கறி. ஆனால் வெர்லின் அவளுக்குப் புதுக் குண்டு நிரப்பித் தரத் தொடங்கியபின் இரண்டு வருஷமாக அவளுக்குக் குறி தவறியது. கிட்டத்தில் சரியாகப் பட்டது. நானூறு கெஜத்தில் தாழ்ந்து போனது. முதல் மானுக்கு முன்னங்கால் முறிந்தது. துரத்திப் போய் இன்னொரு குண்டில் முடித்தாள். இரண்டாவது நெஞ்சடியில் காயத்தோடு ஓடிவிட்டது. ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே அந்தி வரை நடந்தும் கிடைக்கவில்லை.

"சுடறப்ப நீ கண்ணை மூடிக்கிறே பெர்னி," என்றார் வெர்லின், காபிக் கடையில் ஏழு பேர் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, மறுவாரமே தொண்ணூறு மைல் தள்ளியிருந்த கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஜூனில், குறி பார்க்கும் ஸ்கோப் ஆடுகிறதா பார் என்று ரைஃபிளை வெர்லினிடம் கொடுத்தாள். சுடுதளத்துக்குக் கொண்டுபோனார். அங்கே காபிக் கடைக் கூட்டாளி ட்வைட் அமுண்ட்சன் புதிதாக வாங்கிய குரோனோகிராஃபோடு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை அளவுப் பெட்டி.

"சும்மா சுடுய்யா, பாப்போம்," என்றார்.

கையேட்டில் அந்த மருந்துக்கு நொடிக்கு மூவாயிரத்து அறுபது அடி என்று போட்டிருந்தது. பெட்டி இரண்டாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து காட்டியது.

"உன் பெட்டி கோளாறு," என்றார் வெர்லின்.

ட்வைட் தன் ரைஃபிளால் சுட்டுக் காட்டினார். வழக்கமாக வரும் எண்ணேதான் வந்தது. வெர்லின் இன்னும் நாலு சுட்டார். எல்லாம் அதே அளவில் நின்றன.

"குழல் குட்டைய்யா, வேகம் குறையத்தான் செய்யும். புத்தகத்துக்காரன் நீளக் குழல்ல சுட்டிருப்பான். மருந்தும் நீ ஒரு சிட்டிகை குறைச்சுத்தான போடுவே," என்றார் ட்வைட், பெரிதாக எடுத்துக்கொள்ளாமல்.

வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார் வெர்லின். நானூறு கெஜத்தில் சீட்டு சொன்னதைவிட ஐந்து அங்குலம் கீழே. அந்த இரண்டு மான்களுக்கும் பட்ட இடம் அதேதான். காது வரை சூடேறியது.

ரைஃபிளைத் திருப்பிக் கொடுக்கும்போது பெர்னி கேட்டாள், "ஸ்கோப் எப்படி?"

"ஸ்கோப் நல்லாத்தான் இருக்கு."

பொய்யில்லை. ஆனால் வாசற்படி இறங்குவதற்குள் அவருக்குத் தன் குரலே பிடிக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தார். ஜூலை போனது. ஆகஸ்டில் அவள் தெருவில் வருவதைப் பார்த்தால் லாரிக்குள்ளேயே குனிந்து எதையோ தேடினார்.

அக்டோபர் முதல் வாரம் அவளே ரைஃபிளோடு வந்து நின்றாள்.

"நீயே வெச்சுக்க வெர்லின். நான் இந்த வருஷம் வேட்டை லைசென்ஸே போடல. என் கண்ணை நம்பி இன்னொரு மானை நொண்ட வைக்கமாட்டேன்."

வெர்லின் வாயைத் திறந்தார். "சரி" என்ற ஒரே சொல்தான் வந்தது. வாங்கிக்கொண்டார். அதுதான் அவரைத் தின்றது. மூன்று நாள் அந்த ரைஃபிள் சாத்தியிருந்த அறைக்குள்ளேயே அவர் போகவில்லை.

நாலாம் நாள் மதியம், சாப்பாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போனபின், பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போனார். பெர்னி அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் குழாயை மூடினாள். "எப்பத் தெரிஞ்சுது?"

"ஜூன்ல."

"ஜூன்லயா?" கையைத் துடைத்துக்கொண்டாள். "புத்தகத்தை நம்பினே, சரி. யாரும் செய்யறதுதான். தெரிஞ்ச பிறகும் என் கையிலிருந்து துப்பாக்கிய வாங்கிக்கிட்டியே, எப்படிய்யா வாங்கினே?"

அவள் மறுபடி அண்டாவைக் கையிலெடுத்தாள்.

"கண்ணை மூடிக்கிறேன்னு எங்க சொன்னியோ, அங்கயே போய் இதையும் சொல்லு."

சனிக்கிழமை காலை சொன்னார். காபிக் கடையில் யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப என் துப்பாக்கில ஒட்டினது?" என்றார் ஒருவர்.

"அதையும் அளக்கணும். எல்லாத்தையும் அளக்கணும்," என்றார் வெர்லின்.

சீட்டு ஒட்டிக் கொடுத்திருந்த மற்ற ஆறு பேரின் வீட்டுக்கும் அவரே போய்த் துப்பாக்கிக் கட்டையிலிருந்து சீட்டுகளைச் சுரண்டி எடுத்தார். ஒட்டிய பசை லேசில் வரவில்லை. பனிக்கு முன் இரண்டு ஞாயிறு ட்வைட்டின் பெட்டியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ரைஃபிளாகச் சுட்டார்கள். சீட்டு சரியாக இருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

பெர்னி தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்த வருஷத்து லைசென்ஸ் தேதி முடிந்துவிட்டிருந்தது. வெர்லின் தான் சுட்ட மானில் பாதியைப் பொட்டலம் கட்டி அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தார். மாலைக்குள் அவள் திருப்பிக் கொண்டுவந்து, தானே அவருடைய ஃப்ரீசரைத் திறந்து அடுக்கினாள்.

"இது நீ சுட்டது," என்றாள். கோபமாகக்கூட இல்லை.

குளிர்காலத்தில் அவளே கருவிகள் வாங்கித் தோட்டா நிரப்பக் கற்றுக்கொண்டாள். மறு அக்டோபரில் முந்நூற்றறுபது கெஜத்தில் ஒரே குண்டில் அவள் மானை வீழ்த்தினாள் என்ற செய்தி வெர்லினுக்கு ட்வைட் சொல்லித்தான் தெரியும்.

இப்போதும் அவள் வீட்டுக்கு எரிவாயு நிரப்புவது அவர்தான். ரசீதில் அவள் கையெழுத்துப் போடுவாள்.

"காத்து ஜாஸ்தி இன்னிக்கு," என்பாள்.

"ஆமா, ஜாஸ்திதான்," என்பார் அவர். லாரியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் சற்று நேரம் அவருக்கு முகம் எரியும்.