கிழட்டு வருஷத்தின் உயிலில் கிளென்

கிளென் பிரூயிட் ஒஹையோவில் முப்பத்துநாலு வருஷம் ஃபிரிட்ஜ் பழுது பார்த்தவர். பென்ஷன் அங்கே வாடகைக்கே பத்தவில்லை என்று ஈக்வடாரில் குவெங்காவுக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு ஃபுளோரிடா போனாள், இவர் இங்கே வந்தார். இருவரில் யார் பிழைக்கத் தெரிந்தவர் என்பது இன்னும் முடிவாகவில்லை.

நல்ல மனிதர்தான். தெருவில் யார் வீட்டு ஃபிரிட்ஜ் முனகினாலும் திருப்புளியோடு போய் நிற்பார், காசு வாங்க மாட்டார். தலையில் மிச்சமிருந்த நாலு முடியைப் பார்த்துத் தெரு அவருக்குச் செம்பட்டை என்று பெயர் வைத்திருந்தது. குறை என்று பார்த்தால் ஒன்றுதான், மனிதர் சரியான பயந்தாங்கொள்ளி. இந்தத் தெருவை விட்டால் அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை.

அந்த வருஷம் வடக்கே அமெரிக்காவிலிருந்து ஒரு நல்ல செய்தி வரவில்லை. பிழைக்கப் போன குவெங்கா பிள்ளைகளைக் கையில் விலங்கு மாட்டி விமானம் விமானமாகத் திருப்பி அனுப்பினார்கள். கல்லூரி வாசலில் மாணவர்கள் கிளெனின் நாட்டுக் கொடியைக் கொளுத்தினார்கள். கொளுத்திவிட்டு அந்த நாட்டு டாலரை நீட்டிச் சுட்ட பன்றிக்கறி வாங்கித் தின்றார்கள். ஈக்வடாரில் வேறு நோட்டு ஏது? கிளெனுக்குச் சிரிப்பு வரவில்லை. பேஸ்பால் தொப்பியைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். டாக்சியில் ஏறினால் கனடாக்காரர் ஆகிவிடுவார்.

"கனடாவா! எந்த ஊரு?" என்று ஒரு டிரைவர் கேட்டான்.

"டொரோண்டோ."

"அட, என் மச்சான் அங்கதான் இருக்கான். எந்தத் தெரு?"

கிளென் ஜன்னல் பக்கம் திரும்பி, "சின்ன வயசுலயே அயர்லாந்து போயிட்டேன்" என்றார்.

"போங்க சார்! எங்க அக்கா வீட்டு ஃபிரிட்ஜை ரிப்பேர் பண்ண செம்பட்டைதானே நீங்க?"

அன்றைக்குக் கூலிக்கு மேலே இரண்டு மடங்கு டிப்ஸ் கொடுத்து இறங்கினார். அப்படிக் கொடுப்பது எந்த நாட்டுக்காரன் வழக்கம் என்று டிரைவருக்குத் தெரியாதா என்ன!

கிளெனுக்கு அடுத்த வீட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவள் சொய்லாக்கா. அவள் மகன் வில்மர் பத்தொன்பது வருஷம் நியூஜெர்சியில் கூரை போட்டவன். ஆகஸ்டில் அந்த விமானங்களில் ஒன்றில் வந்து இறங்கினான். வந்ததிலிருந்து சிரிக்கவில்லை. வாயைத் திறந்தால், "எங்க நியூஜெர்சியில..." என்பான். துரத்தப்பட்டவன் அந்த ஊர்க்காரனாகவே இருந்தான், துரத்தப்படாதவர் கனடாவில் ஒளிந்திருந்தார்.

டிசம்பர் முப்பத்தொன்றில் தெருவுக்குத் தெரு மரத்தூள் அடைத்த ஒரு கிழட்டுப் பொம்மையைக் கொளுத்துவார்கள். அதுதான் செத்துப்போகிற வருஷம். கொளுத்துமுன் கிழவனின் உயிலை வாசிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு ஏதாவது எழுதிவைத்து எல்லாரையும் கிழிகிழியென்று கிழிப்பது வழக்கம். எங்கள் தெருவில் அதை எழுதுவது சொய்லாக்கா. போன வருஷம் கிளெனுக்குக் கிடைத்தது கிழவனின் சீப்பு. அதற்கு முந்தின வருஷம் நாக்கு, எங்கள் ஸ்பானிஷைக் கடித்துக் குதறுகிறார் என்று. ஒவ்வொரு தடவையும் பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய் முகம் சுண்டி உட்கார்ந்திருப்பார்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கிளென் கடைக்குப் போனார்.

"சொய்லாக்கா, இந்த வருஷம் உயில்ல என் பேரு வேண்டாம்."

"ஏண்ணே? சீப்பு குடுத்ததுக்குக் கோவமா?"

"அதெல்லாம் இல்லக்கா. காலம் சரியில்ல. என் பேரைச் சொன்னா சனங்களுக்கு என் நாடு ஞாபகம் வரும். நாலு பேரு குடிச்சிருப்பாங்க..."

"குடிக்காம யாரு இருப்பா? நானே குடிச்சிருப்பேன்."

"வேண்டாம்க்கா. கெஞ்சிக் கேக்குறேன்."

முட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான்."

"சரி, உங்க இஷ்டம்."

கிளெனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினார்.

முப்பத்தொன்று சாயங்காலம், பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். லவங்கப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்த சாராயம் கைமாறிக்கொண்டிருந்தது. சொய்லாக்கா பீர்ப் பெட்டி மேல் ஏறி நின்று தெருக்கோடி வீட்டிலிருந்து கிழவன் குரலில் ஆரம்பித்தாள்.

"வாத்தியாருக்கு என் பல்செட்டு. எந்த வீட்டுல பன்றி சுட்டாலும் முதல் ஆளா வந்து தின்னு தின்னு அவருக்குப் பல்லு தேஞ்சுபோச்சு. தையல்காரிக்கு என் காது. பத்துத் தெரு சங்கதிக்கு ரெண்டு காது எப்படிப் பத்தும்?"

தெரு கைகொட்டியது. தையல்காரிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"சொய்லா மகன் வில்மருக்கு," என்று அக்கா நிறுத்தினாள். தெரு வில்மரைத் திரும்பிப் பார்த்தது. "என் கைக்கடிகாரம். பத்தொன்பது வருஷமா அம்மாவைப் பார்க்க நேரமில்லன்னான். பாவம்னு ஒரு அரசாங்கமே டிக்கெட் போட்டு அனுப்புச்சு. வெறுங்கையோட போகக் கூடாதுன்னு ரெண்டு கைக்கும் வளையல் வேற!"

முதலில் வெடித்துச் சிரித்தவன் வில்மர். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், மறுபடி சிரித்தான். நாலு பேர் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள்.

அடுத்தது கிளென் வீடு. வேண்டாம் என்று சொன்ன மனிதர் என்னமோ குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார்.

"பேக்கரி மொய்சேஸுக்கு என் தொப்பை," என்று அக்கா தாண்டிப் போனாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயில் முடிந்து காகிதம் பொம்மையின் சட்டைப்பையில் ஏறியது.

கிளென் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நெசமாவே விட்டுட்டீங்களேக்கா."

"நீங்கதானே கேட்டீங்க."

"இல்ல, சனங்களுக்கு என்மேல கோவம் வந்துடக் கூடாதேன்னுதான்..."

"அட மனுஷா! கோவம்னா திட்டுவோம்னா நினைச்சீங்க? கோவம்னா பேரை விட்டுருவோம். என் கூடப்பொறந்த தம்பி பேரை எழுதிப் பதினோரு வருஷம் ஆச்சு. ஆறு வருஷம் இருந்து இதுகூடவா தெரியல?"

கிளென் இன்னும் கிட்ட வந்தார். "எனக்குன்னு ஏதாவது எழுதியிருந்தீங்களா?"

"நவம்பர்லயே எழுதிட்டேன். இந்த வருஷத்துலயே அதுதான் சூப்பரா வந்துச்சு. நீங்க வந்து சொன்னதும் அடிச்சுட்டேன்."

"என்னன்னு சொல்லுங்களேன். எவ்வளவு கேவலமா இருந்தாலும் பரவால்ல."

"தெரு கேக்காத திட்டு ஒரு திட்டாண்ணே?" என்றவள் மண்ணெண்ணெய் கேனை எடுத்துக்கொண்டு பொம்மையிடம் போனாள்.

அன்று தெருவில் யாரும் கிளெனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டதும் அதைத்தான்.