நீளமாக விட்ட கயிறு

பிள்ளையார்பாளையத்திலிருந்து செவிலிமேட்டுக்கு வீடு மாறியபோது தறிச் சாமான்களைத் திறந்த வேனில் ஏற்றினோம். எங்கள் நாய் மணி, முன்னால் உட்கார்ந்திருந்த எங்களிடம் தாவி ஏறியது. மடியில் சுவாமி படம் இருந்ததால் தீட்டென்று அதை இறக்கி, பின்னால் தறி மரத்தோடு கழுத்தில் கயிறு போட்டுக் கட்டினேன். படுக்க வசதியாக இருக்கட்டுமென்று கயிற்றை நீளமாகவே விட்டேன்.

“குதிச்சா தொங்கிடும் நைனா, முன்னாடியே ஏத்திக்கினு வாங்க,” என்றார் டிரைவர்.

“அதெல்லாம் குதிக்காதுப்பா, நீ வண்டிய எடு,” என்றேன்.

கடைத்தெருத் திருப்பத்தில் வேறு நாய்கள் குரைத்தன. மணி குதித்துவிட்டது. சைக்கிளில் வந்தவர் கத்த, டிரைவர் வண்டியை நிறுத்தினார்; இறங்கி ஓடினேன். வேனின் பக்கவாட்டில், கால் தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் அதைத் தூக்கிப் பிடிக்க, முடிச்சை அவிழ்த்தேன்.

“பைரவர் படத்த மடியில வச்சிக்கினு, அவரு வாகனத்த தூக்குல தொங்க வுட்டீங்களே,” என்றாள் என் மனைவி.

மணி பிழைத்தது, குரைப்பு மட்டும் இன்றும் கம்மலாகவே இருக்கிறது. இப்போதெல்லாம் வண்டியில் போனால் அதன் கழுத்தில் கயிறு போடுவதில்லை. என் காலடியில்தான் உட்கார வைத்துக்கொள்கிறேன். அஷ்டமியன்று பைரவர் சன்னதியில் நின்றால், என் கண் முதலில் அவர் வாகனத்தின் கழுத்துக்குத்தான் போகிறது.