ஸெனோவியாவுக்கு வேண்டியிருந்த பதினான்கு மாதங்கள்

அம்மோனியா பிரிவை மூடுவதாகக் கடிதம் வந்த அன்று, ஸெனோவியா பக்குராருக்கு முழு ஓய்வூதியம் கிடைக்க இன்னும் பதினான்கு மாதங்கள் பாக்கி இருந்தன. அந்தப் பதினான்கு மாதங்களும் அவள் பெயர் தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலும் ஐந்து வருடம் காத்திருந்து குறைத்த தொகையைத்தான் வாங்க முடியும். அதற்கு முந்தைய வாரம்தான் அவளுக்குப் பாராட்டுக் கேடயம் வந்திருந்தது. கேடயத்தை அனுப்பியது ஒரு அலுவலகம், கடிதத்தை அனுப்பியது இன்னொன்று.

எங்கள் ஊர் உரத் தொழிற்சாலையின் மருத்துவ அறையில் நான் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தேன். அவளுக்கு வருடா வருடம் ரத்த அழுத்தம் பார்த்து, வேலைக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

அவள் வேலை நீராவிக் குழாய்களைப் பார்ப்பது. குழாய்களில் அங்கங்கே ட்ராப் என்று ஒன்று இருக்கும். அது தண்ணீரை மட்டும் வெளியே விட வேண்டும், பழுதானால் நீராவியையும் விட்டுவிடும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி, உள்ளே போவது தண்ணீரா நீராவியா என்று சொல்லிவிடுவாள். அதற்குக் கருவியும் வாங்கி வைத்திருந்தார்கள். கருவி தவறிய நாட்கள் உண்டு.

எண்பதுகளில் எங்கள் ஊர் வீடுகளில் குளிர்காலத்தில் காஸ் அடுப்பு பொட்டு வைத்த அளவுக்குத்தான் எரியும். ஒரு முட்டை வேக முக்கால் மணி நேரம் ஆகும். அப்போது வளர்ந்த யாருக்கும் காஸ் வீணாவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. ஸெனோவியாவுக்கு அது கொஞ்சம் முற்றிய நிலை. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், இறந்தவருக்கு மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன்பே அடுப்படிக்குப் போய்த் தீயைக் குறைத்துவிட்டாள். அன்று எல்லோரும் கோஸ் இலைச் சுருளை அரை வேக்காட்டில் தின்றோம். அவள் கணவன் பதினொரு வருடம் முன்பு இத்தாலிக்கு டைல்ஸ் ஒட்டப் போனான், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

அம்மோனியாவும் அந்தக் காஸிலிருந்துதான் வருவது. காஸ் விலை ஏறினால் எங்கள் பிரிவு நிற்கும், இறங்கினால் ஓடும். இப்படி நான்கைந்து முறை நின்று ஓடியபின் தொழிற்சாலையை ஓர் அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. அவர்களுக்கு லூசியானாவில் பெரிய அம்மோனியா தொழிற்சாலை இருந்தது. அதன் மேலாளர் டெல்பர்ட் எங்கள் இடத்தைப் பார்க்க வந்தார். முதல் நாள் மதியச் சாப்பாட்டோடு பிளம் சாராயத்தையும் மூன்று கோப்பை குடித்துவிட்டு, மறுநாள் என் அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒருவர். அதே நேரம் ஸெனோவியா பரிசோதனைக்கு வந்தாள்.

“நீங்கதான் அந்த ஸ்க்ரூடிரைவர் அம்மாவா?” என்று டெல்பர்ட் கேட்டார். “ஒரு ட்ராப் ஒழுகினா அன்னிக்கே மாத்திடுவீங்களாமே?”

“வேற எப்ப மாத்துறது?”

“எங்க ஊர்ல அப்படியே விட்டுடுவோம். ஏணி போட்டு, ஆள் வச்சு மாத்துற செலவுக்கு நீராவியே மலிவு. காஸ் எங்க தரைக்கடியிலயே கிடக்கு.”

“எங்க தரைக்கடியிலயும்தான் கிடக்கு,” என்றாள் ஸெனோவியா. “விலை மட்டும் ஆம்ஸ்டர்டாம் சந்தையில இருக்கு.”

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொன்னதும் டெல்பர்ட் சிரித்தார். சிரித்ததில் வயிறு வலித்தது.

“சரி, விட்டுடுவோம்னீங்களே. அந்த நீராவி எங்க போகும்?”

“ஆகாசத்துக்குத்தான்.”

“ஏன், ஆகாசத்துக்குக் குளிருதா?”

நான் அவருக்குப் புதினா டீயும் மாத்திரையும் கொடுத்தேன். கிளம்பும்போது, ஒரு டன் அம்மோனியாவுக்கு எவ்வளவு காஸ் செலவாகிறது என்பதைத்தான் தலைமை அலுவலகம் பார்க்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். காஸைக் குறைத்தால் பிரிவு ஓடும் என்ற வாக்குறுதியாக ஸெனோவியா அதை எடுத்துக்கொண்டாள். எட்டு வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு ட்ராப்களை மாற்ற வைத்தாள். உதிரிப் பாகம் இல்லாத இடத்தில் மூடிய பிரிவுகளிலிருந்து கழற்றிப் பூட்டினார்கள். கம்பெனியின் ஒன்பது தொழிற்சாலைகளில் குறைவாகக் காஸ் குடிப்பது எங்களுடையது என்று கேடயம் வந்தது. ஆனாலும் நாங்கள் குடித்த கொஞ்சத்தின் விலை, லூசியானா குடித்ததையும் ஆகாசத்துக்கு விட்டதையும் சேர்த்த விலையைப்போல மூன்று மடங்கு. அதனால் பிரிவை மூடினார்கள். இனி அம்மோனியா அங்கிருந்து கப்பலில் கான்ஸ்டன்ட்சா துறைமுகத்துக்கு வந்து, ரயில் வேகன்களில் எங்கள் ஊருக்கு வரும். நாங்கள் அதிலிருந்து உரம் செய்தால் போதும்.

தொழிற்சங்கம் ஒன்றை மட்டும் சாதித்தது. ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்களைக் கம்பெனி எங்கேயாவது வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸெனோவியாவுக்குக் கிடைத்த எங்கேயாவது, டெல்பர்ட்டின் தொழிற்சாலை.

விசா வர மூன்று மாதம் ஆனது. ஜூனில் போனாள். அங்கே அளவுமானிகளைப் படித்து எழுதுவது மட்டும்தான் வேலை, எதையும் தொடக் கூடாது. அதைத் தெளிவாகச் சொல்லி, அவளுடைய மொழியிலேயே எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்வாள்.

“சிஸ்டர், இங்க புஸ்ஸு புஸ்ஸுனு எங்க பாத்தாலும் போகுது. கல்யாண வீட்டு சமையக்கட்டு மாதிரி.”

“உனக்கென்ன? மீட்டரப் படி, எழுது, சம்பளத்த வாங்கு.”

“நானூத்தி எண்பது ஒழுகல் எண்ணி டெல்பர்ட்கிட்ட லிஸ்ட் குடுத்தேன். தேங்க்யூன்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. இந்த மாசம் நானூத்தி தொண்ணூத்தஞ்சு. அதுக்கும் தேங்க்யூன்னாரு.”

“காதுல பஞ்ச வச்சுக்க.”

“பஞ்சு வச்சாலும் எலும்புல கேக்குது சிஸ்டர்.”

எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. மருந்து எழுத முடியாத விஷயம்.

நவம்பர் கடைசியில் அது நடந்தது. கம்ப்ரஸர் கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு குழாயிலிருந்து இரவும் பகலும் நீராவி போய்க்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் நீராவி வெளியே போனால் எங்கேயோ பழுது என்று அர்த்தம். அங்கே அது ஏற்பாடு. மிச்ச நீராவியை அப்படி விட்டுத்தான் குழாய்களின் அழுத்தத்தைச் சமமாக வைத்திருந்தார்கள். ஸெனோவியா அந்த வழியாக ஆறு மாதம் நடந்தாள். ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, கைச்சக்கரத்தைத் திருகி அதை மூடினாள். உள்ளே அழுத்தம் ஏறியது, பாதுகாப்பு வால்வுகள் வெடித்தாற்போலத் திறந்தன, கம்ப்ரஸர் நின்றது. தொழிற்சாலையும் நின்றது. யாருக்கும் காயமில்லை. அதை முதலில் விசாரித்துக்கொண்டேன்.

மறுபடி ஓட்ட மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் குழாய்களில் வந்த காஸை உயரமான புகைபோக்கியின் உச்சியில் எரித்துக்கொண்டே இருந்தார்கள்.

போனில் அவள் குரல் தேய்ந்திருந்தது. “மூணு நாளு எரிஞ்சுது சிஸ்டர். நம்ம ஊருக்கு ஒரு குளிர்காலத்துக்குப் போதும். நான் முப்பது வருஷமா மிச்சம் பிடிச்சது மொத்தமும் அதுல போயிருக்கும்.”

“டெல்பர்ட் என்ன சொன்னாரு?”

“என்னைக் கூப்பிட்டு எதுக்க உக்கார வச்சாரு. மொழிபெயர்க்க ஒரு ஆளையும் வரவச்சாரு. ‘ஸெனோவியா, உங்கள நான் என்னதான் பண்றது?’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“தப்பு என்னுதுதான், சார். ஆனா எனக்கு இன்னும் அஞ்சு மாசம் வேணும்னேன்.”

“அப்படியேவா சொன்ன?”

“வேற எப்படிச் சொல்றது? வேணுமே.”

டெல்பர்ட் வேலையை விட்டு நீக்கியிருக்கலாம். கையெழுத்துப் போட்ட காகிதம் அவரிடம் இருந்தது, சங்கமும் ஒன்றும் பேசியிருக்க முடியாது. அவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டு இருந்துவிட்டு, “உங்க ஊர்ல நீராவியே இல்லாத இடம் ஏதாவது உண்டா?” என்று கேட்டாராம்.

ஒரே ஓர் இடம் இருந்தது. கப்பலில் வந்த அம்மோனியாவை ரயில் வேகன்களிலிருந்து தொட்டிக்கு இறக்கும் முற்றம். ஊர் திரும்பி, டிசம்பரிலிருந்து ஸெனோவியா அங்கே இருந்தாள். குழாயை மாட்டுவார்கள், வால்வைத் திறப்பார்கள், காத்திருப்பார்கள், மூடுவார்கள். அம்மோனியா கசிந்தால் கண்ணைத் திறக்க முடியாது, மூச்சு முட்டும், ஓட வேண்டும். அதனால் அதைக் கசியவிடுகிற ஊர் எங்கும் இல்லை. அவளுக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. காத்திருக்கும் நேரத்தில் இரண்டு ஸ்வெட்டர் பின்னினாள். இரண்டாவது எனக்கு, கை நீளமாக வந்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் பதினான்கு மாதம் நிறைந்தது. கடைசிப் பரிசோதனைக்கு என் அறைக்கு வந்தாள்.

“பிரஷர் நூத்தி இருபதுக்கு எண்பது,” என்றேன். “இருபது வருஷத்துல இவ்வளவு நல்லா இருந்ததே இல்ல. முற்றத்துல நிம்மதியா இருந்த போல.”

“நிம்மதி என்ன நிம்மதி. அந்த வேகன்ல வர்றதெல்லாம் டெல்பர்ட் தொழிற்சாலைச் சரக்கு. சோதனைக்கூடத்துல ஒவ்வொரு தடவையும் போய்க் கேப்பேன், எப்படி இருக்குன்னு.”

“எப்படி இருக்காம்?”

“நல்லாத்தான் இருக்காம்,” என்று சட்டைக் கையை இறக்கிவிட்டாள். “நம்மளுது மாதிரியே இருக்காம் சிஸ்டர். துளி வித்தியாசம் கிடையாதாம்.”

தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மே மாதத்திலிருந்து முழு ஓய்வூதியம் வாங்குகிறாள்.