துணிக்குள் இருந்த எழுத்துகள்

என் கை எழுதாது. கேட்டால் பதில் சொல்லிவிடுவேன். பென்சிலைப் பிடித்தால் மட்டும் விரல்கள் அவிழ்த்துவிட்ட கன்றுகள்போல ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அஞ்சாம் வகுப்புவரை வாய்ப் பதிலைக் கேட்டே வாத்தியார் பாஸ் போட்டுவிட்டார். ஆறாம் வகுப்புக்கு, திண்டுக்கல் பெரிய பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைப்பார்கள். எழுதினால்தான் இடம்.

என் சின்ன அத்தை அப்போது டவுனில் டைப்பிங் படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் என்னையும் கூட்டிப்போவாள். பார்த்து அடிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். எழுத்துகளை மறைத்து ஒரு கறுப்புத் துணி கிடக்கும். கைகள் அதற்குள் நுழைந்துவிடும். அந்த இருட்டில் என் விரல்களுக்கு எப்படியோ வழி தெரிந்தது. வெளியே மலைக்கோட்டைமேல் வெயில் இறங்கும். உள்ளே மெஷின்கள் ஓட்டுக்கூரையில் மழை விழுவதுபோல் சடசடக்கும். என் தாளில் எழுத்துகள் தாமாக முளைத்து வரும். தூக்கத்தில் நடப்பவன்போல் அடித்துக்கொண்டே இருப்பேன்.

பரீட்சையன்று அத்தை ஒரு தமிழ் மெஷினை இரவல் கேட்டு வாங்கினாள். ஜட்காவில் ஏற்றிக் கொண்டுபோய், ஹெட்மாஸ்டர் மேஜையிலேயே வைத்தாள்.

“பேனாவுக்குப் பதிலா இது சார். கண்ணு மங்குன பிள்ளைக்குக் கண்ணாடி போட விடுறீகல்ல?”

“கண்ணாடி இம்புட்டுச் சத்தம் போடாதேம்மா,” என்றார் அவர். ஆனாலும் சிரித்தபடி ஒரு வரி சொன்னார். அத்தை வழக்கம்போலத் துணியைப் போர்த்தினாள். நான் அடித்தேன். தாளை உருவிப் படித்தவரின் சிரிப்பு நின்றது.

“பிழையே இல்ல! இதென்ன, துணியப் போட்டு மூடிக்கிட்டுச் செப்பிடு வித்தையா? எடும்மா அதை. பய அடிக்கிறத நான் பாக்கணும்.”

துணி போனது. எல்லா எழுத்துகளும் ஒரேயடியாக என்னை நிமிர்ந்து பார்த்தன. அவை எங்கெங்கே இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் பார்க்கிறேன். தேடத் தேட விரல்கள் வழி தவறின.

“அப்பு, செத்த நேரம் கண்ணை மூடிக்கிட்டு அடிடா,” என்றாள் அத்தை.

“கண்ணை மூடிக்கிட்டா பரீட்சை எழுதுவாக? போதும்மா. கையால எழுதப் பழக்கிக் கூட்டிட்டு வா.”

திரும்பும்போது மெஷின் அத்தையின் மடியில் இருந்தது. குதிரையின் குளம்புச் சத்தம் எனக்கு டைப் அடிப்பதுபோலவே கேட்டது. பூ மார்க்கெட்டைத் தாண்டியபோது மல்லிகை வாசம் வண்டிக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். அத்தை வழிநெடுக என் வலது கையை அந்தக் கறுப்புத் துணிக்குள் வைத்து இறுகப் பிடித்திருந்தாள்.

வண்டி குலுங்குகிறதே, நான் விழுந்துவிடக் கூடாதென்று பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.